பொடியன் நல்லவன்தான், வண்டி எத்தனை கிலோவாட்?

ஏ.எல் சோதனை முடிஞ்ச கையோட எங்கட வீடுகள்ல ஒரு கதை தொடங்கும், அதான் பைக் கதை. களுவாஞ்சிக்குடில இருக்கிற என்ட தங்கச்சி வீட்டிலயும் இந்த வருசம் அது வந்துட்டு. மருமகனுக்கு 18 முடிஞ்சு, லைசன் கைக்கு வந்த அடுத்த நாளே 390 டியூக் எண்ட பெரிய பைக் வேணுமாம், வெளிநாட்டில இருக்கிற அவன்ட சித்தப்பாவும் காசு அனுப்புறன் எண்டு சொல்லிட்டார், தங்கச்சி எனக்கு கோல் எடுத்து "அண்ணா, அவன் நல்ல பிள்ளை, குடிக்கிறதில்ல, கண்டவனோட சேர்றதில்ல, எடுத்துக் குடுத்தா என்ன?" எண்டு கேட்டா. அதே கிழமைதான் மெல்பேர்ன்ல இருக்கிற எங்கட அண்ணனும் கதைச்சார். அவர்ர மகனுக்கும் அதே வயசு, அவனும் புது லைசன்காரன், கூட்டாளி வீட்டில ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிக்குது, ஆனா அவன் அதை எடுத்து ஓட ஏலாதாம், அவன்ட லைசன்ல அந்தக் கார் தடையாம். காரணம் வேகமும் இல்ல விலையும் இல்ல, கார்ட எடைக்கு அதுட பலம் கூடிப்போச்சு.

இந்த எடைக்கும் பலத்துக்கும் உள்ள கணக்கத்தான் இதில விளங்கப்படுத்தப் போறன், ஏனெண்டா நம்மட பக்கத்தில இந்தக் கதை வந்தா எல்லாரும் பொடியன் நல்லவனா கெட்டவனா எண்டுதான் யோசிக்கிறம், வண்டியப் பத்தி யாரும் கேக்கிறதே இல்ல. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள், அதால கொஞ்சம் கணக்கு வரும், பயப்பிடாதீங்க, கூட்டலும் பெருக்கலும் தெரிஞ்சாக் காணும்.

முதல்ல பலம் எண்டா என்ன. குதிரைவலு எண்டு கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரு 75 கிலோ சாமான, கிட்டத்தட்ட ஒரு நெல் மூடை எண்டு வச்சுக்கொள்ளுங்களன், ஒரு செக்கனுக்குள்ள ஒரு மீற்றர் உசத்திற அளவுதான் ஒரு குதிரைவலு. கிலோவாட் எண்டதும் அதேதான், அளவு மட்டும் வேற, ஒரு கிலோவாட் எண்டா ஒண்டேகால் குதிரைவலுவ விடக் கொஞ்சம் கூட. நம்மட வயல்ல ஓடுற உழவு மெசின் ஒண்டு சாதாரணமா 45 குதிரைவலு இருக்கும். இப்ப அந்த 390 டியூக்குக்கு எவ்வளவு தெரியுமா, 43 போல. நான் இதத் தங்கச்சிக்குச் சொன்னக்க அவ நம்பயில்ல. காரைதீவுல இருந்து அம்பாறைப் பக்கம் போனா கண்ட வயலெல்லாம் உழுற அந்த மெசின்ட பலம் முழுக்க ஒரு பைக்குக்குள்ள கிடக்கு. ஆனா உழவு மெசின் ஆரையும் பறக்க வைக்கிறல்லயே, ஏன்? அதுட எடை ரெண்டாயிரம் கிலோக்கு கிட்ட. பைக்ட எடை 165 கிலோ போல. அதே பலம் பன்னிரண்டில ஒரு பங்கு எடைய இழுக்கக்க என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. (உழவு மெசின்ட கியர் மெதுவா இழுக்கிறதுக்குத்தான் போட்டிருக்கு எண்டதும் உண்மை, ஆனா கியர மாத்தினாலும் அந்த ரெண்டாயிரம் கிலோவ பைக் மாதிரித் தூக்கி எறிய ஏலாது.)

அப்ப பலத்த மட்டும் பாக்கக் கூடாது, எடையால பிரிச்சுப் பாக்கணும். ஆயிரம் கிலோக்கு எத்தனை கிலோவாட் எண்டு. நம்மட ரோட்டில ஓடுற ஆல்டோ 800 காருக்கு 35 கிலோவாட், எடை 700 கிலோ போல, பிரிச்சா 50 வரும். நிசான் ஜிடிஆர் எண்ட ஸ்போர்ட்ஸ் கார், பொடியங்கள் போன்ல படம் வச்சிருக்கிற அதுதான், 2007ல வெளில வரக்க 353 கிலோவாட், எடை 1740 கிலோ, பிரிச்சா 200க்கு மேல. ஆல்டோவ விட நாலு மடங்கு. மெல்பேர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில புது லைசன்காரருக்குக் கோடு போட்டிருக்கிறது 130ல. 130க்கு மேல எண்டா, புது லைசன்காரர் வண்டில மாட்டுற பி போர்ட் போட்டுக்கொண்டு அந்தக் கார ஓட ஏலாது. தென் ஆஸ்திரேலியால இன்னும் ஒரு படி போய், 276க்கும் அதுக்கு மேலயும் உள்ள காருக்கு 2024 டிசம்பர்ல இருந்து தனி லைசன் வகையே கொண்டு வந்திருக்காங்க, அது பொடியங்களுக்கு மட்டுமில்ல, 50 வயசுக்காரரும் அந்த லைசன் எடுக்கணும்.

இங்க இலங்கைல எப்பிடி? 18 வயசு முடிஞ்சு கார் லைசன் எடுத்தா ஆல்டோக்கும் அதே லைசன்தான், ஜிடிஆருக்கும் அதே லைசன்தான். பைக்கில 100 சிசிக்கு கீழ ஒரு வகுப்பு, மேல ஒரு வகுப்பு, அவ்வளவுதான். 100ஐத் தாண்டினா 150ஓ 390ஓ 1000ஓ சட்டத்துக்கு எல்லாம் ஒண்டு.

சரி, எடைக்கு மிஞ்சின பலம் என்ன செய்யும்? கனபேர் நினைக்கிறது "கூட ஸ்பீட் ஓடும், அதான் ஆபத்து" எண்டு. அது பாதி உண்மைதான். கூடின ஸ்பீட் சின்ன வண்டியும் ஓடும், ஆல்டோவும் 100ல போகும். வித்தியாசம் என்னெண்டா அந்த 100க்குப் போய்ச் சேர எடுக்கிற நேரம். ஆல்டோ நிண்ட இடத்தில இருந்து 100க்கு வர 15 செக்கனுக்கு மேல எடுக்கும், எஞ்சின் கத்தும், கண்ணாடி அதிரும், பக்கத்தில இருக்கிற ஆள் சீட்டப் பிடிப்பார், உங்கட மனசே "காணும் காணும்" எண்டு சொல்லும், கால் தானா எழும்பும். ஜிடிஆர் 4 செக்கனுக்குள்ள அங்க நிக்கும், சத்தமும் குறைவு அதிர்வும் குறைவு. மனசு "காணும்" எண்டு சொல்ல வாய் திறக்க முன்னம் வேகம் வந்திட்டு. பலமான வண்டி எடுத்துக் கொண்டுபோறது அந்த நேரத்தை, நாம யோசிச்சுத் திருந்திற அந்த பத்துப் பதினொரு செக்கன. பழகின ஆளுக்கு அந்த நேரம் அவ்வளவு தேவைப்படாது, கை அறிஞ்சு வச்சிருக்கும். புதுசா ஓடுறவனுக்கு அதுதான் உயிர்.

இப்ப வேகத்தின்ட கணக்கு. இது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும், ஆனா சோதனையோட மறந்திடுவாங்க. வேகம் ரெண்டு மடங்கானா வண்டிக்குள்ள இருக்கிற இயக்க சக்தி ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. மூண்டு மடங்கானா ஒன்பது மடங்கு. எழுதிக் காட்டினா பிள்ளைகள் தலையாட்டுவாங்க, விளங்காது. அதால நான் மட்டக்களப்புப் பாலமீன்மடு வெளிச்சவீட்டச் சொல்லுறது. முகத்துவாரம் பக்கம் போன எல்லாரும் பாத்திருப்பீங்க, 1913ல கட்டினது, 28 மீற்றர் உசரம். அதுட உச்சில இருந்து ஒரு ஆள் விழுந்தா நிலத்தில அடிபடக்க அவர்ர வேகம் மணிக்கு 84 கிலோமீற்றர் போல இருக்கும் (காத்துத் தடைய விட்டுப் போட்டு கணக்குப் பாத்தா). அதையே திருப்பிப் பாருங்க. 84ல போற பைக் ஒரு மதில்ல அடிச்சா அது வெளிச்சவீட்டு உச்சில இருந்து விழுறதுக்குச் சமன். 50ல அடிச்சா 10 மீற்றர், ஒரு மூண்டு மாடி. 100ல அடிச்சா 39 மீற்றர், வெளிச்சவீட்டுக்கு மேல இன்னொரு மூண்டு மாடி கட்டி அதில ஏறி நிண்ட மாதிரி. வெளிச்சவீட்டு உச்சில கம்பி இல்லாட்டி எந்தத் தாயும் தன்ட பிள்ளைய ஓரத்தில நிக்க விடமாட்டா. ஆரையம்பதி தாண்டி நேர் ரோட்டில 84ல போறது அதே ஓரத்தில நிக்கிறதுதான், ஆனா கண்ணுக்கு உசரம் தெரியாது, அதான் வித்தியாசம்.

பிரேக் கணக்கு இன்னும் மோசம். முன்னுக்கு ஒரு மாடு எழும்பி நிக்குது எண்டு வைங்க, இரவில நம்மட ரோட்டில மாடு படுத்துக் கிடக்கிறது புதினமில்ல, மாரி காலத்தில வயல் ஓரத்து ஈரம் பிடிக்காம ரோட்டுச் சூட்டுக்கு வந்து படுத்திரும். கண்டு, விளங்கி, கை பிரேக்குக்குப் போக ஒண்டரைச் செக்கன் போகும் எண்டு வச்சுக் கணக்குப் பாத்தா, 50ல வாற வண்டி மொத்தமா 35 மீற்றர்ல நிண்டிரும். 70ல வாறதுக்கு 56 மீற்றர் வேணும். இதில ஒரு விசயத்தக் கவனிங்க, நான் வகுப்பில இதச் சொன்னா பொடியங்கள் அமைதியாயிருவாங்க. 50ல வந்த வண்டி முழுசா நிண்ட அதே இடத்தில, 70ல வந்த வண்டி எவ்வளவு வேகத்தில போய்க்கொண்டிருக்கும்? 20 எண்டு சொல்லுவாங்க, ஏனெண்டா 70ல 50 போனா 20. அது பிழை. அந்த இடத்தில அது இன்னும் 60க்கு மேல போய்க்கொண்டிருக்கும், ஏனெண்டா அந்த 35 மீற்றர்ல 29 மீற்றர் அவன் காணுறதிலயும் யோசிக்கிறதிலயுமே போயிட்டு, பிரேக் பிடிச்சு ஒரு அஞ்சாறு மீற்றர்தான் ஆகுது. நம்மட நாட்டுச் சட்டமும் ஊருக்குள்ள 50, ஊருக்கு வெளில 70 எண்டுதான் வச்சிருக்கு. கல்லடில இருந்து கல்முனை வரைக்கும் அந்த மெயின் ரோட்ட எடுத்துப் பாருங்க, ஊர் எங்க முடிஞ்சு ஊருக்கு வெளி எங்க தொடங்குது? ஒரு ஊர்ட வால் அடுத்த ஊர்ட தலைல கிடக்கு. கோயில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், டியூசன், சந்தை, எல்லாம் அந்த ஒரு ரோட்டில.

இன்னொண்டு, பலம் கூடினாலும் டயர் ரோட்டில பிடிக்கிற இடம் அந்தளவுக்குக் கூடாது. ஒரு டயர் ரோட்டில தொடுற இடம் கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவு. காருக்கு நாலு உள்ளங்கை, பைக்குக்கு ரெண்டு. 43 குதிரைவலுவும் அதில பின் சில்லுட ஒரே ஒரு உள்ளங்கைல. கடற்கரை ஊர்ல காத்து அள்ளிக்கொண்டு வந்து போடுற மணல், அம்பாறைப் பக்கம் ரோட்டோரத்தில காயவைக்கிற நெல்லு, மாரி தொடங்கிற முதல் மழையில ஒயிலும் தூசியும் குழைஞ்ச வழுக்கல், இதில எது வந்தாலும் அந்தப் பிடி பாதியாப் போகும், முறுக்கின கைக்கு அது தெரியாது.

இப்ப பொடியன் பக்கம் வருவம். தங்கச்சி சொன்ன மாதிரி அவன் நல்ல பிள்ளை, அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல, அவன நான் தூக்கி வளத்தவன். 18 வயசுக்காரர்ர கண்ணும் கையும் என்ட கண்ணையும் கையையும் விடக் கெதி. ஆனா வண்டி ஓடுறது கைவேகம் மட்டுமில்ல. ரோட்டோரத்தில ஒரு பந்து உருண்டு வந்தா பின்னால ஒரு பிள்ளை வரும் எண்டு அறியிறது, நிப்பாட்டின பஸ்ஸுக்கு முன்னால இருந்து ஆள் ஒண்டு வெளிக்கிடும் எண்டு அறியிறது, அது ஓடி ஓடித்தான் வரும், வேற வழியில்ல. அதோட மூளைக்கு ஒரு விசயம் இருக்கு. நெத்திக்குப் பின்னால இருக்கிற மூளைப் பகுதிதான் "கொஞ்சம் பொறு, இது சரிவராது" எண்டு கடிவாளம் பிடிக்கிற இடம், அது முழுசா முத்தி வர 25 வயசு வரைக்கும் போகும். ஆசை, பரபரப்பு, புகழ் இதையெல்லாம் தேடுற பகுதி அதுக்கு முன்னமே, பதின்ம வயசிலயே, முழு வேகத்தில இருக்கும். எஞ்சின் முதல் வந்திட்டு, பிரேக் பிறகு வருது.

அதிலயும் கூட்டாளிமார் பக்கத்தில இருந்தா இன்னும் மாறும். 2005ல அமெரிக்காவில மார்கோ கார்ட்னர், லோரன்ஸ் ஸ்டைன்பர்க் எண்ட ரெண்டு ஆய்வாளர்கள் 306 பேர வச்சு, கம்ப்யூட்டர்ல கார் ஓடுற விளையாட்டு ஒண்ட விளையாட விட்டாங்க, மஞ்சள் லைட் விழுந்தா நிப்பாட்டுறதா போறதா எண்டு முடிவெடுக்கிற விளையாட்டு. சிலரத் தனிய, சிலரக் கூட்டாளிமாரோட. தனிய விளையாடக்க வயசுக்கு வயசு பெரிய வித்தியாசம் இல்ல. கூட்டாளிமார் பாத்துக்கொண்டு நிக்கக்க பதின்ம வயசுக்காரர் துணிஞ்சு போறது எக்கச்சக்கமாக் கூடிட்டு, பெரியாக்களுக்கு மாற்றமே இல்ல. அப்ப வீட்டில தாய்க்கு முன்னால அமைதியா ஓடுற பிள்ளை பொய் காட்டல்ல, அவன் உண்மைலயே அமைதிதான். பின்னுக்கு ரெண்டு பேர் ஏறினாப் பிறகு ஓடுறவன் வேற ஆளாகிறான். இதாலதான் விக்டோரியால முதல் வருசம் சிவப்பு பி போர்ட்டோட ஓடுற பொடியன் தன்ட வயசுக் கூட்டாளிமார்ல ஒரே ஒரு ஆளத்தான் ஏத்தலாம். அந்தச் சட்டம் எழுதினவர் பிள்ளைகள உண்மையா அறிஞ்சு எழுதியிருக்கார் எண்டு நினைக்கிறன்.

மருமகன் இதுக்கு ஒரு நல்ல கேள்வி கேட்டான். "மாமா, வெர்ஸ்டாப்பன் 17 வயசில ஃபோர்முலா வன் ஓடினவர்தானே?" உண்மை, 2015 ஆஸ்திரேலியப் போட்டில மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் இறங்கக்க அவருக்கு 17 வயசுதான். ஆனா அவர் அஞ்சு வயசுக்கு முன்னமே கார்ட் எண்ட சின்ன வண்டில தொடங்கி, படிபடியா, ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் கூடின பலத்துக்கு மாறி மாறி வந்தவர். ஓடினது எல்லாரும் ஒரே பக்கம் போற தடத்தில, மாடு இல்ல, எதிர்ல லொறி இல்ல, வழுக்கினா போய் நிக்க சரளைக்கல் பரவின இடம் இருக்கு. அப்பிடி இருந்தும் அடுத்த வருசமே, 2016ல இருந்து, உலக மோட்டார் விளையாட்டுச் சங்கம் 18க்கு கீழ ஆரும் அதில ஓட ஏலாது எண்டு சட்டம் போட்டுட்டு. உலகத்திலயே பெரிய கெட்டிக்காரனையும் படிபடியாத்தான் ஏத்தியிருக்காங்க.

படி எண்டதுதான் இதில முக்கியமான சொல்லு. நியூசிலாந்து 1987ல இந்தப் படிமுறை லைசனத் தொடங்கினது, ஒன்டாரியோ 1994ல. கனடால சொந்தக்காரர் இருக்கிறவங்க ஜி1, ஜி2, ஜி எண்டு கேள்விப்பட்டிருப்பீங்க, அதான் இது. விக்டோரியால 21 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை லைசன் சோதனைக்குப் போக முன்னம் பக்கத்தில ஒரு அனுபவசாலிய வச்சுக்கொண்டு 120 மணித்தியாலம் ஓடியிருக்கணும், அதில 20 மணித்தியாலம் இரவில. பிரிட்டன்ல பைக்குக்கு 17 வயசில 125 சிசி, 11 கிலோவாட் வரைக்கும், 19ல 35 கிலோவாட் வரைக்கும், அதுக்கு மேல உள்ளது நேர எடுக்கிறதெண்டா 24 வயசு. அந்தக் கணக்குல என்ட மருமகன் லண்டன்ல இருந்தா 390க்கு இன்னும் ஒரு வருசம் பொறுக்கணும். ஆஸ்திரேலியால பைக்குக்குக் கணக்குத் தளர்வு, அங்க பழகிறவருக்கும் 390 ஓடலாம், அதையும் மறைக்காமச் சொல்லுறன். ஆனா அவங்கட ரோட்டையும் நம்மட ரோட்டையும் ஒண்டா வச்சுப் பாக்க எனக்கு மனசு வரல்ல.

இதில இன்னொரு பக்கமும் இருக்கு. பலமான கார் வேணாம் எண்டா உடன பழைய ஓட்டை உடைசல் ஒண்ட வாங்கிக் குடுக்கிறதும் சரியில்ல. அமெரிக்காவில காப்புறுதிக் கம்பனிகள்ட காசில நடக்கிற வீதிப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் பதின்ம வயசுப் பிள்ளைகளுக்குச் சொல்லுறது, குதிரைவலு கூடின கார் வேணாம், ஆனா கொஞ்சம் பெரிய, எடை கூடின கார் நல்லம், வழுக்கிறத் தானாப் பிடிக்கிற அந்த எலெக்ட்ரோனிக் ஏற்பாடு கட்டாயம் இருக்கணும் எண்டு. எடை கூடினா மோதக்க உள்ள இருக்கிறவனுக்குக் காப்பு, பலம் குறைஞ்சா மோதுற வேகம் லேசில வராது. வசதி உள்ள குடும்பம் பிள்ளைக்கு ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கிற காசில ஏர்பேக் உள்ள ஒரு சாதாரண கார எடுத்தா மிச்சக் காசும் கையில, பிள்ளையும் கையில. பைக் எண்டா பிரேக் பிடிக்கக்க சில்லு இறுகி வழுக்காமப் பாக்கிற ஏபிஎஸ் உள்ளதப் பாருங்க, ஹெல்மட் நல்லதா வாங்குங்க, வார்ர இறுக்கிப் பூட்டச் சொல்லுங்க. ஹெல்மட் போட்டா சாவு 42 வீதத்தாலயும் தலைக்காயம் 69 வீதத்தாலயும் குறையுது எண்டு உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளச் சேர்த்துப் பாத்துச் சொல்லியிருக்காங்க. உலகத்தில 5 வயசில இருந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்கள ஆகக்கூட கொல்லுறது நோயில்ல, ரோட்டு விபத்துத்தான் எண்டு உலக சுகாதார அமைப்பு சொல்லுது. அத வாசிக்கக்க நான் படிப்பிச்ச பிள்ளைகள்ட முகம் ரெண்டு மூண்டு எனக்கு முன்னால வந்து நிண்டிச்சு, அதப் பத்தி எழுத இப்பவும் கை வரல்ல.

தங்கச்சிக்கு நான் சொன்ன பதில் இதுதான். இப்ப வேணாம், அவன் கெட்டவன் எண்டதால இல்ல, எந்தப் பிள்ளைக்கும் முதல் வண்டியா அது வேணாம். வீட்டில மச்சான்ட பழைய 100 சிசி பைக் நிக்குது, அதில ஒரு முழு வருசம், ஒரு மாரியும் ஒரு கோடையும் ஓடட்டும், இரவில முதல் மூண்டு மாசம் தனிய வேணாம், பின்னுக்கு ஆள் ஏத்துறது ஒரு ஆளுக்கு மேல இல்ல. பிறகு 150. அதுக்குப் பிறகும் 390 ஆசை இருந்தா அப்ப கதைப்பம், நானே வந்து கதைக்கிறன். சித்தப்பாவுக்கும் கோல் எடுத்தன், அவர் கொஞ்சம் மனவருத்தப்பட்டார், ஆசையா அனுப்ப நினைச்ச காசு. அந்தக் காச பாங்க்ல போட்டு வைங்க, பிள்ளை கம்பஸ் போகக்க உதவும் எண்டு சொன்னன்.

மருமகன் ரெண்டு கிழமை என்னோட கதைக்கல்ல. பிறகு ஒரு ஞாயித்துக்கிழமை காலமை நானே போய்க் கூட்டிக்கொண்டு ஊர் மைதானத்துக்குப் போனன், கையில தச்சு வேலைக்காரர்ர அளவு நாடா ஒண்டு. 40ல வந்து நான் கை காட்டின இடத்தில பிரேக் பிடிக்கச் சொன்னன். முதல் தரம் 18 மீற்றர் போனான், பின் பிரேக்க மட்டும் மிதிச்சிருக்கான், நம்மட பொடியங்கள் கனபேர் அப்பிடித்தான், முன் பிரேக்கத் தொட்டா கவிண்டிரும் எண்டு பயம், உண்மைல வண்டிய நிப்பாட்டுற வேலைல கூடின பங்கு முன் பிரேக்தான் செய்யும், படிப்படியா அமத்தினா கவிழாது. ஒவ்வொரு ஞாயிறும் போறம். போன கிழமை 11 மீற்றர்ல நிண்டிட்டான். "60ல வந்தா எவ்வளவு மாமா?" எண்டு அவனே கேட்டுட்டு, மணல்ல குச்சியால 40க்கு 60 ஒண்டரை மடங்கு, வர்க்கம் ரெண்டேகால் எண்டு எழுதி, 25 மீற்றர் வரும் எண்டான். பிறகு எழும்பி கோல் போஸ்ட் வரைக்கும் கால் அடியால அளந்து பாத்துட்டு, வேகம் எடுக்கவும் நிப்பாட்டவும் இந்த மைதானம் காணாது எண்டு சொன்னான்.